பிரிக்காத பாக்கெட்

தம்பியின் ரத்தப் பரிசோதனைத் தாளை ஜன்னலக்கா மூன்று முறை படித்தாள். மூன்று முறையும் அதில் அதேதான் எழுதியிருந்தது. ஹெபடைடிஸ் சி, பாசிட்டிவ். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். அங்கே ஒரு முத்திரையும் தேதியும் மட்டும் இருந்தன.

"இது யாரோடதோ மாறி வந்திருக்கு சிஸ்டர்" என்றாள்.

"ரெண்டாவது தடவையும் எடுத்துப் பாத்தாச்சுக்கா. மாறல" என்றாள் ரத்தம் எடுக்கும் நர்ஸ். "அவரோட சேர்ந்து வேலை பாக்குறாரே, நெட்டையா ஒருத்தர், அவருக்கும் அதேதான்."

"அவங்களுக்கு வர வழியே இல்ல. அவங்க போடுற ஒவ்வொரு ஊசியும் என் கையால எடுத்துக் குடுத்தது."

நர்ஸ் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். வராமல் இருந்திருந்தால் இந்தத் தாள் ஏன் வருகிறது என்று அந்தப் பார்வை கேட்டது. நல்ல பெண், வாய்விட்டுக் கேட்கவில்லை. மாத்திரை இருக்கிறது, பன்னிரண்டு வாரம் விடாமல் சாப்பிட்டால் கிருமி போய்விடும், ஆனால் எப்படி வந்தது என்று தெரியாவிட்டால் போன கிருமி மறுபடி வந்து நிற்கும் என்று மட்டும் சொன்னாள். "ஈரல்ல ஏற்கெனவே கொஞ்சம் தழும்பு விழ ஆரம்பிச்சிருக்குக்கா. இன்னொரு தடவை வந்தா கஷ்டம். நாளான்னிக்கு ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க, பேசணும்."

ஜன்னலக்காவுக்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தத் தெருவில் அதைத் தெரிந்தவர்கள் இல்லை. ஊசி மாற்று மையம் ஒரு பழைய போட்டோ ஸ்டுடியோவில் இருந்தது. ஸ்டுடியோக்காரர் கல்யாணப் படங்களை நீட்டிய அதே ஜன்னல் வழியாக அவள் ஊசிப் பாக்கெட்டுகளை நீட்டினாள், பெயர் ஒட்டிக்கொண்டது. போதை மருந்தை நரம்பில் ஏற்றிக்கொள்கிறவர்கள் பழைய ஊசியை டப்பாவில் போட்டுவிட்டுப் புதியதை வாங்கிப் போவார்கள். ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போட்டால் நோய் தொற்றும். போதையை இன்றைக்கு விட முடியாதவன் நோயையாவது வாங்காமல் இருக்கட்டும் என்பதுதான் அந்த இடத்தின் கணக்கு. முதலில் கேட்டபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அலுமினிய ஜன்னல் பொருத்தும் வேலை பார்த்த அவளுடைய தம்பி, சிகிச்சை இல்லத்துக்கு இரண்டு முறை போய் இரண்டு முறையும் அதே பழக்கத்தோடு திரும்பி வந்த பிறகு சிரிப்பு நின்றது. அங்கேயே வேலைக்கு எழுதிப்போட்டாள்.

சந்தேகப்படுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பிறவியிலேயே வந்த குணம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். போதைக்காரனோடு ஒரே வீட்டில் ஆறு வருடம் இருந்து பாருங்கள், நீங்களும் பாலை மோந்து பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் வைப்பீர்கள். தம்பி குளிக்கப் போனால் அவள் நேரம் பார்த்தாள். அவன் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறான் என்று யோசித்தாள். அழுதால் அதைவிட அதிகமாக யோசித்தாள். அவன் மேல் உயிரையே வைத்திருந்தாள், அவன் பேச்சில் பாதியைக்கூட நம்பியதில்லை.

ஆனால் ஊசி விஷயத்தில் அவனை நம்பினாள். வாரா வாரம் அவளே பாக்கெட்டுகளை எடுத்து அவனுக்கும், அவனோடு வேலை பார்த்த ஏணிக்கும் கொடுத்தாள். ஆள் நெட்டை என்பதால் அவனுக்கு அந்தப் பெயர், உண்மையான ஏணியையும் அவன்தான் தூக்கி வருவான். எத்தனை ஊசி போயிற்றோ அத்தனையும் டப்பாவில் திரும்பி வந்தன. ஒருவர் ஊசி மற்றவருக்குப் போகாமல் இருக்க, பாக்கெட்டைப் பிரித்ததும் ஊசியின் கழுத்தில் சுற்றிக்கொள்ளச் சொல்லி ஏணிக்கு நீல டேப் கொடுத்தாள், தம்பியின் ஊசி டேப் இல்லாத வெள்ளை. நீலம் நீலமாகவே திரும்பியது, வெள்ளை வெள்ளையாகவே திரும்பியது.

அது போதாதென்று மாதம் ஒரு முறை படிவம் வேறு. ஜன்னலுக்கு வருகிற எல்லாரிடமும் கேட்டுக் குறிக்க வேண்டிய கேள்விகள். 'பிறர் பயன்படுத்திய ஊசியைத் தாங்கள் பயன்படுத்தினீர்களா?', 'மருந்து கரைக்கும் நீரைப் பிறருடன் பகிர்ந்துகொண்டீர்களா?' என்று அச்சடித்திருக்கும். அந்தத் தமிழை வாசித்து முடிப்பதற்குள் வந்தவன் பாதித் தெருவைக் கடந்துவிடுவான். அதனால் அவள் எல்லாவற்றையும் சுருக்கி வைத்திருந்தாள். "அடுத்தவன் ஊசி போட்டியா? தண்ணி பங்கு போட்டியா? புண்ணு ஏதாவது இருக்கா?" வந்தவர்கள் இல்லை, இல்லை, இல்லை என்றுவிட்டுப் பாக்கெட்டுக்குக் கை நீட்டுவார்கள். தம்பியையும் அவள் ஜன்னலுக்கு வெளியே நிற்க வைத்துத்தான் கேட்டாள். வேலை என்றால் வேலை. "தண்ணியா? நான் தண்ணியே தொட மாட்டேன்னு உனக்குத் தெரியாதாக்கா?" என்று அவன் ஒவ்வொரு மாதமும் ரோஷத்தோடு சொன்னான். அவளும் ஒவ்வொரு மாதமும் 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டாள்.

இவ்வளவுக்குப் பிறகும் கிருமி வந்திருக்கிறது என்றால் அது வெளியே இருந்து வரவில்லை, பாக்கெட்டுக்குள் இருந்துதான் வந்திருக்க வேண்டும். அப்படி என்றால் அது ஒரே ஒரு ஆளின் வேலை. முள்ளம்பன்றி.

முள்ளம்பன்றி மையத்தின் களப்பணியாளன். இடுக்கியும் மஞ்சள் டப்பாவுமாகச் சந்துகளிலும் பாலத்தடியிலும் கிடக்கும் ஊசிகளைப் பொறுக்கி வருவான், ஜன்னல் வரை வர வெட்கப்படுகிறவர்களுக்குப் பாக்கெட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுப்பான். பதினோரு வருடம் தானே போட்டவன். விட்டு ஐந்து வருடம் ஆகிறது என்று அவன் சொன்னான், அலுவலகமும் நம்பியது. முடி எந்தச் சீப்புக்கும் படியாமல் நட்டுக்கொண்டு நிற்கும், போதாததற்கு எப்போதும் ஊசிகளோடு அலைகிறவன், அதனால் அந்தப் பெயர். மரியாதையான ஆள்தான். காலையில் வந்ததும் "சாப்டீங்களாக்கா?" என்று கேட்பான். அந்தக் கேள்வியில் என்ன உள்நோக்கம் இருக்கும் என்று ஜன்னலக்கா இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

அவள் சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பாக்கெட்டுகள் அட்டைப்பெட்டியில் வரும். உள்ளே இருப்பது தெரியாத வெள்ளை உறை, அதற்குள் இரண்டு ஊசி, தோலைத் துடைக்க ஸ்பிரிட் துண்டு இரண்டு, யாரும் படிக்காத துண்டுத்தாள் ஒன்று. உறையின் வாயைக் கம்பெனி மெஷின் ஒட்டியிருக்கும், பல் பல்லாக நேர்க்கோடு. ஒன்றரை வருடத்துக்கு முன்பு ஒருநாள் ஒரு பாக்கெட்டின் வாயில் இரண்டு கோடுகள் இருப்பதை அவள் கண்டாள். இரண்டாவது கோடு வழவழவென்று, ஓரத்தில் லேசாகக் கருகியிருந்தது. பெட்டி முழுவதையும் கொட்டிப் பார்த்தாள். பாதிக்கு மேல் இரட்டைக் கோடு. அழுத்திப் பார்த்தால் உள்ளே ஏதோ நழுவியது. ஸ்டுடியோவின் பழைய இருட்டறையில்தான் பெட்டிகளை அடுக்கி வைப்பார்கள். அதன் சாவி இருந்தது முள்ளம்பன்றியிடம். மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வான்.

அப்போதே ஒன்றைப் பிரித்துப் பார்த்திருக்கலாம். பிரித்தால் பிரித்தவர் பெயரையும் காரணத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும், அதைத்தான் அவள் சாக்காகச் சொல்லிக்கொண்டாள். உண்மை வேறு. சந்தேகத்தை வளர்த்தே பழகியவர்களுக்கு அது தீர்ந்துபோவதில் அவ்வளவு விருப்பம் இருப்பதில்லை. பழைய மேலாளரிடம் ஒரு தடவை சொன்னாள். "கம்பெனில சரியா ஒட்டலன்னு மறுபடி ஒட்டியிருப்பாங்க, விடுங்க" என்றார். அவளும் விட்டாள். விட்டாள் என்றால், ஒரு காரியம் செய்துவிட்டு விட்டாள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒற்றைக் கோடு பாக்கெட்டுகளை மட்டும் பொறுக்கித் தன் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினாள். தம்பிக்கும் ஏணிக்கும் அதிலிருந்துதான் போகும், மனதுக்குப் பாவமாகப் பட்டவர்கள் யாராவது வந்தால் அவர்களுக்கும். மற்றவர்களுக்கு இரட்டைக் கோடு. அது நியாயமா என்று யாராவது கேட்டிருந்தால் அவளிடம் பதில் இருந்திருக்காது. யாரும் கேட்கவில்லை.

இப்போது தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவள் போட்ட கணக்கு இதுதான். ஏதோ ஒரு நாள் அவள் கண்ணுக்குத் தப்பி இரட்டைக் கோடு பாக்கெட் ஒன்று டிராயருக்குள் போயிருக்கிறது. அதில் பொறுக்கி வந்த பழைய ஊசி இருந்திருக்கிறது. புதிய ஊசிகளை அவன் வெளியே விற்றுவிட்டு, பழையதைக் கழுவி உறையில் போட்டு ஒட்டுகிறான். எல்லாம் பொருந்தியது. பொருந்தாத ஒன்றிரண்டை அவள் யோசிக்கவில்லை.

மறுநாள் மதியம் முள்ளம்பன்றி இருட்டறைக்குள் போய் ஐந்து நிமிடம் கழித்து அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனாள். கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே அவன் குனிந்து உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு மெழுகுவர்த்தி எரிந்தது. உறையின் வாயை இரும்பறுக்கும் பிளேடின் ஓரத்தில் மடித்து, சுடரில் ஒரு இழுப்பு இழுத்து, விரலால் தேய்த்து அடுக்கில் வைத்தான். அடுத்ததை எடுத்தான். சுறுசுறுப்பாக, பழகின கையோடு செய்தான். அவளுக்குப் பயம் பாதி என்றால், நான் சொன்னேன் பார் என்ற சந்தோஷம் மீதி.

மேலாளர் வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்பு மரம் நடும் திட்டம் ஒன்றில் இருந்தவர், ஊசிகளையும் நாற்றுகளைப் போலவே எண்ணுவார். ஜன்னலக்கா இரட்டைக் கோடு பாக்கெட் ஒன்றை அவர் மேஜையில் வைத்து, முள்ளம்பன்றியையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, கத்தரிக்கோலால் வெட்டிக் கவிழ்த்தாள். ஊசி இரண்டு விழுந்தன. கம்பெனி மூடி கழற்றாத புதிய ஊசிகள். அவற்றோடு வேறு சிலவும் விழுந்தன. தகர மூடிகள் இரண்டு, ஒரு சிட்டிகைப் பஞ்சு, சுண்டு விரலில் பாதி அளவுக்கு இரண்டு பிளாஸ்டிக் குப்பிகள். குப்பிகளுக்குள் நிறமில்லாமல் ஏதோ தளும்பியது.

பழைய ஊசி இல்லையே என்று அவள் ஒரு கணம் திகைத்தாள். ஒரு கணம்தான். சந்தேகம் உடனே வேறு உடுப்பு மாற்றிக்கொண்டது.

"மருந்து" என்றாள். "நம்ம பாக்கெட்லயே வெச்சு போதை மருந்து விக்கிறார் சார்."

"தண்ணி சார்" என்றான் முள்ளம்பன்றி.

"ஆபீஸ்ல தண்ணியா?" என்றார் மேலாளர். அவருக்கு அந்தச் சொல் எந்த வழியில் போகுமோ அந்த வழியில் போய்விட்டது.

"அந்தத் தண்ணி இல்ல சார். கரைக்கிற தண்ணி. ஆஸ்பத்திரில மருந்து கலக்குவாங்களே, அது. அங்க மருந்து குடுக்கிறவர் எனக்குத் தெரிஞ்சவர். ஆளுக்கொரு குப்பி, கரைக்க ஆளுக்கொரு மூடின்னு இருந்தா..."

"யார் அனுமதி குடுத்தா?"

"பழைய சார்கிட்ட கேட்டேன். திட்டத்துல இல்ல, வேணாம்னார்."

"வேணாம்னு சொன்னதைச் செஞ்சிருக்கீங்க. கதவைச் சாத்திட்டு."

விட்டிருந்தால் அவன் ஏதாவது விளக்கியிருப்பான், மேலாளரும் கேட்டிருப்பார், நல்ல மனிதர்தான். ஜன்னலக்கா விடவில்லை. "பதினோரு வருஷம் போட்டவர் ஒட்டிக் குடுக்குற குப்பில வெறும் தண்ணிதான் இருக்குன்னு எப்படி சார் நம்புறது? என் தம்பிக்கு ஈரல் போய்க்கிட்டு இருக்கு" என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்தது, அந்த உடைந்த குரல் வேலையை முடித்தது. குப்பிகளைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும் வரை முள்ளம்பன்றிக்கு வேலை இல்லை என்றார் மேலாளர். அவன் இடுக்கியையும் சாவியையும் மேஜையில் வைத்தான். போகும்போது அவள் முகத்தை ஒரு முறை பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் தம்பியையும் ஏணியையும் கூட்டிக்கொண்டு நர்ஸிடம் போனாள். சின்ன அறை. ஏணி உள்ளே நுழையத் தலையைக் குனிய வேண்டியிருந்தது. தினமும் தன்னைத் தானே குத்திக்கொள்ளும் இரண்டு பேரும் நர்ஸ் கையில் சிரிஞ்சைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்கள்.

"குத்த மாட்டேன், பயப்படாதீங்க" என்றாள் நர்ஸ். "நீங்க ரெண்டு பேரும் எப்படிப் பண்றீங்கன்னு எனக்குச் செஞ்சு காட்டுங்க. மருந்து இருக்கறதா வெச்சுக்குங்க. வாயால சொல்ல வேணாம், கையால காட்டுங்க."

மேஜையில் ஒரு தட்டு, இரண்டு சிரிஞ்ச், ஒரு ஸ்பூன், ஒரு டம்ளர் தண்ணீர், கொஞ்சம் பஞ்சு வைத்திருந்தாள். தம்பி அக்காவைப் பார்த்தான். அவளுக்கு முன்னால் அவன் அதைச் செய்ததே இல்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாமா என்று யோசித்தாள், திருப்பவில்லை.

"இது என்னுது, வெள்ளை" என்று தம்பி ஒரு சிரிஞ்சை எடுத்தான். "அதை நீலம்னு வெச்சுக்குங்க, அது அவனோடது. மாத்திக்கவே மாட்டோம் சிஸ்டர். என் அக்கா மேல சத்தியம்." பெருமையாகச் சொன்னான். பிறகு இருவரும் தட்டுக்கு மேல் குனிந்தார்கள். வெள்ளை ஊசி டம்ளருக்குள் போயிற்று, ஸ்பூனுக்கு வந்தது. நீல ஊசி அதே ஸ்பூனில் இறங்கியது, வடிகட்டப் போட்ட அதே பஞ்சில் அழுந்தியது. கடைசியில் இரண்டு ஊசிகளும் முறை வைத்துக்கொண்டு அந்த டம்ளருக்குள் போய் அலசிக்கொண்டு வந்தன. பழகிய இரண்டு பேர் ஒரே தட்டில் சாப்பிடுகிறபோது இருக்கும் இசைவு அதில் இருந்தது. முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"தண்ணி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானா?" என்றாள் நர்ஸ்.

"ஆமா. ஒரு டம்ளர் போதுமே."

ஜன்னலக்கா டம்ளரைத் தன் பக்கம் இழுத்தாள். "தண்ணி பங்கு போடுறதில்லன்னு மாசா மாசம் என்கிட்ட சொன்னியேடா" என்றாள்.

"போடுறதில்லையேக்கா. நான் எங்க தண்ணி அடிச்சேன்?" சொல்லி முடிக்கும்போதே அவனுக்கு ஏதோ உறைத்தது. "நீ இந்தத் தண்ணியவா கேட்ட?"

ஏணி சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

நர்ஸ் மெதுவாகச் சொன்னாள். கிருமி ஊசியில் மட்டும் இருப்பதில்லை. ஊசி தொட்ட தண்ணீரில், ஸ்பூனில், பஞ்சில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தால் போதும். இந்தக் கிருமிக்கு அது தாராளம். ஏணிக்கு முதலில் வந்திருக்கலாம், அல்லது தம்பிக்கு, அது இனிமேல் யாருக்கும் தெரியப்போவதில்லை. "ஒண்ணுதான் எனக்குப் புரியலக்கா" என்றாள். "உங்க ஜன்னலுக்கு வர்றவங்கள்ல இந்த ஆறு மாசத்துல நாப்பது பேருக்குக் கிட்டப் பாத்தாச்சு. கூட்டமா உக்காந்து போடுறவங்கதான் எல்லாரும். புதுசா வந்தது இவங்க ரெண்டு பேருக்குத்தான். இவங்களுக்கு மட்டும் ஏதாவது வேற மாதிரி குடுத்தீங்களா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் தம்பி சொன்னான்.

"மத்தவங்க பாக்கெட்ல குட்டியா ஒரு குப்பி இருக்கும் சிஸ்டர், தண்ணிக் குப்பி. மூடி, பஞ்செல்லாம் ஆளுக்குத் தனித்தனியா இருக்கும். எங்களுக்கு மட்டும் வராது." அக்காவின் பக்கம் திரும்பினான். "சொந்தத் தம்பிக்குச் சலுகை காட்டறேன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு நீ எடுத்துடறேன்னு நெனச்சேன். கேட்டா திட்டுவ. அதான் கேக்கல."

அவன் குறையாகச் சொல்லவில்லை. அவள் கண்டிப்பானவள் என்பது அவனுக்குத் தெரிந்த விஷயம், அதைத்தான் சொன்னான். தலையெடுத்த நாள் முதல் யாரை நம்பக் கூடாது என்று பட்டியல் போட்டு வந்தவளுக்கு, அந்தப் பட்டியலில் தன் கை விடுபட்டுப்போனது அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த இடத்திலேயே செத்துப்போனால் நன்றாயிருக்கும் என்று இருந்தது. சாகவில்லை. வேலைக்குத் திரும்பினாள்.

மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். குப்பியின் பரிசோதனை முடிவும் வந்திருந்தது, கிருமி நீக்கிய தண்ணீர், வேறு எதுவும் இல்லை. மேலாளர் வெகுநேரம் நெற்றியைத் தேய்த்தார். அனுமதி இல்லாமல் செய்தது அனுமதி இல்லாமல் செய்ததுதானே என்றார். மேலே எழுதிக் கேட்கிறேன் என்றார். அவர் பேனாவை எடுத்து முதல் வரியை யோசிக்க ஆரம்பித்தபோது அவள் முள்ளம்பன்றியின் வீட்டு விலாசத்தைப் பதிவேட்டில் பார்த்து எழுதிக்கொண்டாள்.

சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே ஒற்றை அறை. கதவு திறந்தே இருந்தது. அடுப்பில் ஒரு பாத்திரத்தில் தகர மூடிகள் கலகலவென்று கொதித்துக்கொண்டிருந்தன. வேலையை விட்டு நிறுத்தியும் மனிதன் வேலையை நிறுத்தவில்லை. அவளைப் பார்த்து எழுந்தான், நாற்காலியில் கிடந்த துணியை எடுத்துவிட்டு "உக்காருங்க" என்றான். சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை.

"தண்ணிதான்னு ரிப்போர்ட் வந்துடுச்சு" என்றாள்.

"எனக்கெதுக்கு ரிப்போர்ட்? நான்தானே வெச்சேன்."

அவள் நின்றபடியே சொன்னாள். டிராயரை, ஒற்றைக் கோட்டை, டம்ளரை, தம்பி சொன்னதை எல்லாம் சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை.

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்று கடைசியில் கேட்டாள். கேட்டவுடன் அதற்கும் வெட்கப்பட்டாள்.

"சொன்னா நீங்க பதிவேட்டுல எழுதுவீங்க. எழுதினா நின்னுடும்." அவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசினான். "என்னைத் திருடன்னு நெனச்சீங்க, அது பரவால்லக்கா. பதினோரு வருஷம் திருடனாத்தான் இருந்தேன், எங்கம்மா காதுல கெடந்ததைக்கூட விட்டு வெக்கல. ஆனா அது கெட்ட பாக்கெட்னு நெனச்சுக்கிட்டே மத்தவங்களுக்குக் குடுத்தீங்களே. ஒன்றரை வருஷம். அதை எப்படிக்கா செஞ்சீங்க?"

அவளுக்கு அழுகை வந்தது. அவன் தடுக்கவில்லை, தண்ணீர் கொண்டுவந்து தரவும் இல்லை. அவள் கேட்டிருந்தாலும் அவனிடம் ஆறுதல் கிடைத்திருக்காது, அவளும் கேட்கவில்லை. மூடிகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்துத் துணியில் பரப்பிவிட்டு அவன் திரும்பினான். முகம் மாறியிருந்தது.

"அந்த டிராயர்லேர்ந்து வேற யாருக்குக் குடுத்தீங்க?"

"தம்பிக்கும் ஏணிக்கும்தான் எப்பவும்."

"வேற?"

"எப்பவாவது... பாவமா இருக்கறவங்களுக்கு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "காது கேக்காத பெரியவர் ஒருத்தர். அவர் தனியாத்தான் போடுவார். அப்புறம் பஸ் டிப்போ பின்னால இருக்காளே ஒரு பொண்ணு, வயித்துல ஏழு மாசம். அவளுக்கு ஒவ்வொரு வாரமும். ரெண்டு உசுராச்சே, நல்லதாப் பாத்துக் குடுப்போம்னு..."

முள்ளம்பன்றி அடுப்பை அணைத்தான். "அவ நாலு பேரோட உக்காந்து போடுறவ. ரத்தம் குடுத்தாளா?"

"வரல. மூணு தடவை தேதி எழுதிக் குடுத்தேன்."

"நான் போய்க் கூட்டிட்டு வரேன்." அவன் சட்டையைத் தேடினான்.

"நீங்க கூப்பிட்டா வர மாட்டா."

"ஏன்?"

அதைச் சொல்லத்தான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. "உங்க கையால எதையும் வாங்காதே, உங்களைப் பாத்தா தள்ளிப் போயிடுன்னு நான்தான் அவகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

அவன் ஒரு கையைச் சட்டைக்குள் நுழைத்தபடி அப்படியே நின்றான்.

"அதானா" என்றான். "போன மாசம் அவகிட்ட ஒரு குப்பி குடுத்தேன்க்கா. வாங்கி, என் கண்ணு முன்னாடியே சாக்கடையில போட்டா. 'எனக்கு வேணாம், ஜன்னலக்கா எனக்குன்னு தனியா நல்லதா எடுத்து வெக்கிறாங்க'ன்னு சொன்னா. அவ்வளவு சந்தோஷமா சொன்னா."